எபிசோடு 41: எலிப்பெட்டியிலிருந்து மட்டிப்பழம் வரை

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகக் கொஞ்சம் சுருக்கப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு ஒரு பழுதான மெஷினில் இருந்து ஆரம்பிக்கலாம்.

1930களின் தொடக்கம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பி.எஃப். ஸ்கின்னர் என்கிற இளம் ஆராய்ச்சியாளர் ஒரு பெட்டி செய்து வைத்திருக்கிறார். உள்ளே ஒரு எலி, ஒரு நெம்புகோல். எலி நெம்புகோலை அமுக்கினால் ஒரு தீனி உருண்டை விழும். எத்தனை தடவை அமுக்குகிறது என்பது பக்கத்தில் ஒரு காகிதச் சுருளில் தானாகக் கோடாகப் பதியும். நம்ம பாஷையில் சொன்னால் சர்வர் லாக்.

ஒருநாள் தீனி விழும் இடம் அடைத்துக்கொண்டது. ஸ்கின்னர் அப்போது அறையில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால், எலி அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. முதலில் வேகமாக, பிறகு விட்டுவிட்டு, பிறகு ஓய்ந்து. காகிதத்தில் அழகான ஒரு வளைவு. பலன் நின்றுபோனால் ஒரு பழக்கம் எப்படி மெல்ல மெல்ல அடங்கும் என்பதன் முதல் படம் அது. அன்று வெள்ளிக்கிழமை, சொல்லிக்கொள்ள ஆளில்லை. இந்த விஷயம் தன்னோடு செத்துப்போய்விடக் கூடாதே என்று அந்த வார இறுதி முழுக்க ரோட்டை ரொம்ப ஜாக்கிரதையாகக் கடந்தாராம். பிற்காலத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொரு கண்டுபிடிப்பும் இப்படித்தான். தீனி உருண்டைகளை அவரே கையால் செய்ய வேண்டும். ஒரு சனிக்கிழமை கையிருப்பைப் பார்த்தால் குறைவு. சரி, ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஏன் கொடுக்கணும், நிமிஷத்துக்கு ஒண்ணு கொடுத்துப் பார்ப்போம் என்று மாற்றினார். எலி நிறுத்தவில்லை. எப்போதாவது கிடைக்கும் பலன் ஒரு பழக்கத்தை எவ்வளவு உறுதியாகப் பிடித்து வைக்கும் என்கிற பெரிய ஆராய்ச்சியின் விதை அந்தச் சிக்கனம். அதை அவரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957-இல் தடிமனான புத்தகமாகவே போட்டார்கள். ராத்திரி ஒரு மணிக்கு ரீல்ஸைத் தள்ளிக்கொண்டிருக்கும் உங்க கட்டைவிரலுக்கும் அந்தப் புத்தகத்துக்கும் சம்பந்தம் உண்டு. ஆனா இன்னைக்கு அந்தப் பக்கம் போகலை.

ஏன் இந்தத் தலைப்புன்னு சொல்லிடறேன். எங்க ஊர் அருமனை. மார்த்தாண்டத்தில் இருந்து உள்ளே ஏறினால், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில், கேரள எல்லையை ஒட்டி. என் சித்தி மகள் அங்கேதான் இருக்கிறாள். பி.ஏ. முடித்தவள். சமீபத்தில், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கான ஒரு மையத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். ரெண்டாவது வாரம் ஒரு வாய்ஸ் நோட்: “அண்ணா, இங்க பயிற்சி நடக்கு. ஏபிஏ, ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்டு, ப்ராம்ப்ட்டு, என்னெல்லாமோ. எனக்கொண்ணும் மனசிலாவல்ல. முட்டாய் குடுத்தா பிள்ள சொன்னதக் கேக்கும், அவ்வளவுதானா?”

நான் உளவியல் படிச்சவன் இல்லை, கோடு எழுதுகிறவன். ஆனால் வரலாறு தோண்டுவது இந்த பாட்காஸ்ட்டோட வேலை. தோண்டினேன். ஏபிஏ, அதாவது பயன்முறை நடத்தைப் பகுப்பாய்வு, இன்று உலகம் முழுக்க ஆட்டிசக் குழந்தைகளோடு வேலை செய்பவர்கள் படிக்கும் முதல் பாடம். அதன் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார். பல நேரம், வாய் திறந்து “வேண்டாம்” என்று சொல்ல முடியாத மனிதர்.

முதல் கேள்விக்கு முதலில் பதில். முட்டாய் கொடுப்பது ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் ஆகலாம், ஆகாமலும் போகலாம். தமிழ்ப் பாடப்புத்தகங்கள் இதை வலுவூட்டல் என்கின்றன, நல்ல சொல். ஒரு செயலுக்குப் பின்னால் ஏதோ ஒன்று நடக்கிறது. அதனால் அந்தச் செயல் மறுபடி மறுபடி வர ஆரம்பித்தால், நடந்த அந்த ஒன்று வலுவூட்டி. வரவில்லை என்றால் இல்லை. கொடுப்பவர் ஆசையாகக் கொடுத்தாரா என்பது கணக்கே கிடையாது. ஒரு பிள்ளைக்கு மட்டிப்பழம் உயிர். இன்னொன்றுக்கு அந்த வாசனையே ஆகாது. ரெண்டாவது பிள்ளைக்கு நீங்க மட்டிப்பழம் நீட்டினால் அது பரிசு இல்லை, தண்டனை.

இதில் எல்லோரும் குழம்பும் ஒரு இடம் உண்டு: ‘நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்’. பெயரைக் கேட்டால் தண்டனை மாதிரி இருக்கும். தண்டனை இல்லை. காரில் சீட் பெல்ட் போடும்வரை கீங் கீங் என்று கத்துகிறதே, பெல்ட் போட்டதும் நிற்கிறதே, அது. பிடிக்காத ஒன்று விலகுவதால் ஒரு செயல் வலுப்பெறுவது. வகுப்பில் பிள்ளை அலறியதும் டீச்சர் நோட்டை எடுத்து மூடிவிடுகிறார் என்று வையுங்கள். நாளைக்கும் அலறல் வரும். டீச்சர் அறியாமலேயே அலறலுக்குப் பாடம் எடுத்துவிட்டார்.

சரி, எலியில் இருந்து மனிதனுக்கு எப்போது வந்தார்கள்? 1949. அமெரிக்காவில் பால் ஃபுல்லர் என்பவர் ஒரு காப்பகத்தில் 18 வயது இளைஞன் ஒருவனோடு வேலை செய்தார். படுத்த படுக்கை. பதினெட்டு வருஷத்தில் எதையுமே கற்றுக்கொள்ளாதவன் என்று மருத்துவர்கள் கைவிட்டிருந்தார்கள். வலது கை அசைந்தபோதெல்லாம் ஃபுல்லர் அவன் வாயில் கொஞ்சம் சர்க்கரைப் பால் விட்டார். சில அமர்வுகளிலேயே அவன் கையை மேலே தூக்க ஆரம்பித்தான். முடியாது என்றவர்களுக்கு அது பதில். எனக்கு இதைப் படிக்கும்போது சந்தோஷமும் வந்தது, கோபமும் வந்தது. அந்தக் கட்டுரையின் தலைப்பு அவனை ‘தாவர நிலையிலுள்ள மனித உயிரி’ என்கிறது. கை தூக்கத் தெரிந்தவனை அப்படி அழைத்தே அச்சடித்தார்கள். இந்தத் துறையின் நல்லதும் கெட்டதும் அந்த முதல் கட்டுரையிலேயே சேர்ந்து இருக்கின்றன.

அடுத்த இடம் கனடா. வேபர்ன் என்கிற ஊரில் இருந்த சஸ்காச்சுவன் மனநல மருத்துவமனை. டியோடோரோ அய்லான், ஜாக் மைக்கேல் ரெண்டு பேரும் 1959-இல் ஒரு கட்டுரை போட்டார்கள். அதன் தலைப்பில் செவிலியரை ‘நடத்தைப் பொறியாளர்’ என்றார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இங்கேதான். ஏனென்றால் முறையை நிறைவேற்றியவர்கள் ஆராய்ச்சியாளர்கள் இல்லை, வார்டில் ஷிப்ட் பார்த்த செவிலியர்கள். என் தங்கச்சி செய்யும் வேலையின் முதல் ஆட்கள்.

அங்கே ஒரு பெண் நோயாளி ஓயாமல் செவிலியர் அறைக்குள் நுழைந்துகொண்டே இருந்தார். திட்டியும் தள்ளியும் பார்த்தாயிற்று, பலனில்லை. முதலில் செய்த வேலை வெறுமனே எண்ணியது. நாளுக்குச் சராசரி 16 தடவை. அதற்குப் பிறகு சொன்ன உத்தி, அவர் வந்தால் யாரும் கவனிக்காதீர்கள் என்பது மட்டும். ஏழாவது வாரத்தில் அது நாளுக்கு 2 தடவையாக இறங்கியிருந்தது. அதாவது திட்டும் தள்ளலும்கூட அந்த அம்மாவுக்குக் கிடைத்த கவனம்தான். ஸ்கின்னரின் தீனி அடைத்த மெஷின் இப்போது வார்டுக்கு வந்துவிட்டது. இதற்கு எக்ஸ்டிங்ஷன் என்று பெயர்.

இங்கே புதுசா வேலைக்கு வருபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. பலனை நிறுத்தினால் நடத்தை உடனே குறையாது, பல நேரம் முதலில் ஏறும். லிஃப்ட் பட்டன் வேலை செய்யலைன்னா நாம என்ன செய்வோம்? டொக் டொக் டொக்னு குத்துவோம். அதேதான். அழுகை அலறலாகும், தள்ளல் அடியாகும். அந்த உச்சத்தில் மனம் இளகி விட்டுக்கொடுத்தால், ‘இன்னும் கொஞ்சம் பலமாகக் கத்தினால் கிடைக்கும்’ என்று கற்றுக்கொடுத்தது போல ஆகிவிடும். இன்னொரு பக்கம், பிள்ளை தலையைச் சுவரில் முட்டுகிறது என்றால் ‘கவனிக்காதே’ என்று எந்த விதியும் சொல்ல முடியாது. எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம், எதை விடவே கூடாது என்று புது ஆள் தனியாக முடிவெடுக்கக் கூடாது. மேற்பார்வையாளர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

மூன்றாவது கதை எனக்குப் பிடித்தது, நெருடலும் கூட. 1964. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம். மூன்றரை வயதுப் பையன். ஆய்வில் அவன் பெயர் டிக்கி. கண்புரைக்காக இரண்டு கண்ணிலும் லென்ஸை எடுத்திருந்தார்கள். கண்ணாடி போடாவிட்டால் பார்வை போய்விடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவனோ கண்ணாடியை முகத்தின் பக்கம் கொண்டுபோகவே விடமாட்டான். மான்ட்ரோஸ் வுல்ஃப், டாட் ரிஸ்லி, ஹேடன் மீஸ் மூன்று பேரும் வந்தார்கள்.

நேராகக் கண்ணாடியை மாட்டவில்லை. கண்ணாடி இல்லாத வெறும் சட்டங்களை அறையில் வைத்தார்கள். அதைத் தொட்டால் பலன். கையில் எடுத்தால் பலன். கண்ணருகே கொண்டுபோனால் பலன். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் இருந்து இம்மி அளவு தள்ளி. இதுதான் ஷேப்பிங். கடைசியில் டிக்கி நாளுக்கு 12 மணி நேரம் கண்ணாடி போட்டான். அவன் பார்வையைக் காப்பாற்றியது இந்தப் பொறுமை.

நெருடல் எங்கே என்றால், முதலில் வைத்த மிட்டாய்த் துண்டுகள் அவனை அசைக்கவில்லை. அதனால் காலைச் சாப்பாட்டையே ஒவ்வொரு வாயாகப் பலனாக்கினார்கள். பசித்த குழந்தை. கண்ணுக்காகத்தான் செய்தார்கள், புரிகிறது. ஆனால் இன்று ஒரு மையம் “டிபன் பாக்ஸை எங்ககிட்ட கொடுத்துடுங்க, வேலை செஞ்சா சாப்பாடு” என்று சொன்னால், தயவுசெய்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். சாப்பாடும் தண்ணீரும் பிள்ளையின் உரிமை.

1968-இல் இதற்கென்று ஒரு தனி இதழ் தொடங்கியது. முதல் இதழில் டொனால்ட் பேர், வுல்ஃப், ரிஸ்லி எழுதிய கட்டுரை இந்தத் துறையின் அரசியல் சாசனம் மாதிரி. ஏழு தகுதிகள் சொன்னார்கள். ஏழையும் ஒப்பிக்கப் போவதில்லை, ரெண்டு போதும். ஒன்று, செய்த முறையை இன்னொருவர் படித்து அப்படியே செய்யும் அளவுக்கு எழுதி வைக்க வேண்டும். “அன்பாகக் கையாளவும்” என்று எழுதினால் செல்லாது, எத்தனை நொடி காத்திருக்க வேண்டும், பிறகு என்ன செய்ய வேண்டும் என்று இருக்க வேண்டும். ரெண்டாவது, கற்றது அந்த அறையைத் தாண்ட வேண்டும். மையத்தின் மேஜையில் தண்ணீர் கேட்கத் தெரிந்த பிள்ளை, வீட்டில் பாட்டியிடம் கேட்கத் தெரியவில்லை என்றால் அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. “என் லேப்டாப்ல ஓடுதே” என்பதை எந்த டீம் லீடாவது ஏற்றுக்கொள்வாரா?

இனி இருட்டான பக்கம். ஐவர் லோவாஸ், லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகம். ஆட்டிசக் குழந்தைகளுக்கு எதுவும் சொல்லித்தர முடியாது என்று காப்பகங்களில் பூட்டி வைத்த காலத்தில், முடியும் என்று காட்டியவர். அதே லோவாஸின் ஆய்வகத்தில் குழந்தைகளை அறைந்தார்கள், மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். மறைத்துச் செய்யவில்லை. 1965-இல் லைஃப் பத்திரிகை ‘அலறல், அறை, அன்பு’ என்ற பொருளில் தலைப்பு வைத்துப் படங்களோடு வெளியிட்டது. 1987-இல் அவர் வெளியிட்ட ஆய்வுதான் ஏபிஏ-வை உலகப் புகழாக்கியது. வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் முதல் வகுப்பைத் தாண்டினார்கள் என்றார். குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்பது அந்த ஆய்வின் மேல் உள்ள பெரிய விமர்சனம். சத்தமான ‘நோ’வும் தொடையில் அடியும் அந்த ஆய்விலும் இருந்தன. இன்று விளம்பரங்களில் அந்த 40 மணி நேரம் மட்டும் வருகிறது, அடி வருவதில்லை.

அந்தப் பாதையில் இருந்து துறையைத் திருப்பியதில் பிரையன் ஐவாட்டா குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1982, பால்டிமோர். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் 9 குழந்தைகள். ‘எப்படி நிறுத்துவது’ என்று கேட்பதற்கு முன், ‘இது அவனுக்கு எதைத் தருகிறது’ என்று கேட்டார்கள். கவனம் கிடைக்கும் சூழல், வேலை சொல்லும் சூழல், தனிமை, சும்மா விளையாட்டு என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ஒரே மாதிரி தெரிந்த நடத்தைக்குக் குழந்தைக்குக் குழந்தை வேறு வேறு காரணம். நம்ம பாஷையில், ஸ்டாக் டிரேஸ் பார்க்காமல் பேட்ச் போடாதே.

இதைத் தங்கச்சிக்கு இப்படிச் சொன்னேன். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடு. முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னால் என்ன ஆனது. “கோபப்பட்டான்” என்று எழுதாதே. கோபம் உன் கண்ணுக்குத் தெரியாது. “வலது கையைக் கடித்தான், மூன்று தடவை” என்று எழுது. அவள் எழுதினாள். ஒரு பிள்ளை தினமும் ஒரே நேரத்தில் கையைக் கடிக்கிறது. முன் கட்டத்தில் தினமும் ஒரே விஷயம்: பக்கத்தில் ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் ஓட ஆரம்பிக்கும் சத்தம். அந்த நேரத்துக்குப் பிள்ளையைப் பின்பக்க அறைக்கு மாற்றினார்கள். கடி குறைந்தது. முட்டாயும் தேவைப்படவில்லை, தண்டனையும் தேவைப்படவில்லை.

நம்ம நாட்டுக்கு எப்போது வந்தது என்று தேடினால், பலர் நினைப்பது போல அமெரிக்கா போய்வந்த தெரபிஸ்ட்டுகளோடு 2000-க்குப் பிறகு வந்ததில்லை. சென்னையிலேயே பேராசிரியர் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் ‘மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்’ என்று ஒன்றை உருவாக்கினார்கள். 1983 பதிப்பை சென்னை விஜய் ஹியூமன் சர்வீசஸ் வெளியிட்டது. பெயரிலேயே புரோகிராமிங் இருப்பதால் எனக்கு ஒரு தனிப் பாசம். 18 துறைகள், துறைக்கு 20 வீதம் 360 செயல்கள். உடை உடுத்துவது, சாப்பிடுவது, பணம், நேரம், வீட்டு வேலை, பொழுதுபோக்கு எல்லாம். ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய செயல். அதோடு, பிள்ளைக்கு என்ன தெரியாது என்ற பட்டியலாக இல்லாமல், எளிதில் இருந்து கடினத்துக்கு ஏறும் வரிசையாக அமைத்தார்கள். ‘புத்தி எத்தனை மார்க்’ என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் ‘அடுத்த படி எது’ என்று கேட்ட கருவி இது. தமிழ்நாட்டின் சிறப்புப் பள்ளிகளில் வேலை பார்த்த எந்த மூத்த ஆசிரியரிடமும் ‘எம்டிபிஎஸ்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அடுத்து செகந்திராபாத். 1984-இல் மத்திய அரசு அங்கே அறிவுத்திறன் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனத்தைத் தொடங்கியது. அங்கே ரீட்டா பெஷாவாரியாவும் எஸ். வெங்கடேசனும் 1992-இல் ஆசிரியர்களுக்கான ஒரு நடத்தைமுறைக் கையேடும், கூடவே ஒரு மதிப்பீட்டு அளவையும் கொண்டுவந்தார்கள். அளவையின் முதல் பகுதியில் 7 துறைகளில் 280 திறன்கள். ரெண்டாம் பகுதியில் 10 பிரிவுகளில் 75 சிக்கல் நடத்தைகள்.

மதிப்பெண் போடும் விதம்தான் அழகு. தானாகச் செய்தால் 5. சாடை காட்டினால் செய்வான் என்றால் 4. வாயால் சொல்லித்தர வேண்டும் என்றால் 3. கையைப் பிடித்துச் செய்யவைக்க வேண்டும் என்றால் 2. முழுக்கப் பிறர் செய்ய வேண்டும் என்றால் 1. பாஸ், ஃபெயில் கிடையாது. எவ்வளவு உதவி தேவை என்பதே மதிப்பெண். அதோடு அதுவே ப்ராம்ப்ட்டிங் பாடமும் ஆகிவிடுகிறது. கையைப் பிடிப்பதில் தொடங்கி, சொல்லுக்கு வந்து, சாடைக்கு வந்து, கடைசியில் நீ விலகிக்கொள்ள வேண்டும்.

எங்க ஊரில் பால் வெட்டப் பழக்குவது ஏறத்தாழ இப்படித்தான். புதுசா வருகிறவன் கத்தியைப் பிடித்தால், மூத்த வெட்டுக்காரர் பின்னால் நின்று அவன் கைமேல் கை வைத்து இழுப்பார். பிறகு “மேல, மேல” என்று வாய்ச்சொல். பிறகு ஒரு முகச்சுளிப்பு மட்டும். ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் சிரட்டையில் பால் விழாது. மரம் உடனுக்குடன் சொல்லிவிடும். ஆனால் பின்னால் நிற்பவர் கையை எடுக்கவே இல்லை என்றால் அவன் கடைசிவரை வெட்டுக்காரன் ஆகமாட்டான். மையங்களில் நடக்கும் பெரிய தவறும் இதுதான். உதவியாளர் இல்லாமல் பிள்ளை ஸ்பூனைக்கூட எடுக்காது, ஆனால் ரிப்போர்ட்டில் ‘தானாகச் சாப்பிடுகிறான்’.

இப்போ பணமும் சான்றிதழும். அமெரிக்காவில் 1998-இல் நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றளிப்பு வாரியம் அமைந்தது. ஆரம்பநிலை ஆட்களுக்கென்று ஆர்பிடி என்ற சான்றிதழ் 2014-இல் வந்தது. 40 மணி நேரப் பயிற்சி, ஒரு செய்முறை மதிப்பீடு, ஒரு தேர்வு. வேலைக்கு வந்த பிறகு, வேலை நேரத்தில் குறைந்தது 5 சதவீதம் மேற்பார்வை கட்டாயம். 2023-இல் இருந்து அந்த வாரியம் இந்தியா உட்படப் பெரும்பாலான நாடுகளில் இருந்து புதிய விண்ணப்பங்களை வாங்குவதில்லை. ஆனால் இங்கே ஆன்லைனில் ‘40 மணி நேர ஏபிஏ கோர்ஸ்’ இன்னும் விற்பனையில் இருக்கிறது. வீடியோவைப் பார்க்கலாம், அறிவு கூடும். ஆனால் மேற்பார்வை இல்லாத 40 மணி நேரம் என்பது பின்னால் ஆள் நிற்காமல் கத்தியைக் கையில் கொடுப்பது. இந்தியாவில் சிறப்பு ஆசிரியர், பேச்சுப் பயிற்சி நிபுணர், மறுவாழ்வு உளவியலாளர் போன்றவர்கள் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். குழந்தையைச் சேர்க்கும் முன் ‘உங்க மேற்பார்வையாளரின் பதிவு எண் என்ன’ என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீங்க.

தங்கச்சியின் மையத்தில் ஒரு இலக்கு எழுதி வைத்திருந்தார்கள்: ‘கையை உதறுவதை நிறுத்துதல்’. யாருக்கும் காயமில்லை, பிள்ளை சந்தோஷமாக இருக்கும்போது கையை உதறுகிறான், அவ்வளவே. அவள் கேட்டாள், “அண்ணா, இத எதுக்கு நிறுத்தணும்?”

இதே கேள்வியை, வளர்ந்துவிட்ட ஆட்டிச மனிதர்கள் பல வருடமாகக் கேட்கிறார்கள். எங்களை ‘மற்றவர்கள் மாதிரி’ தெரியவைக்கத்தானே அத்தனை மணி நேரமும் என்கிறார்கள். துறைக்குள்ளேயும் ஒருவர் முன்பே கேட்டிருந்தார். டிக்கிக்குக் கண்ணாடி மாட்டிய அதே மான்ட்ரோஸ் வுல்ஃப், 1978-இல் எழுதினார். இலக்கு சரியா, முறை ஏற்கத்தக்கதா, பலனில் திருப்தியா, இந்த மூன்றையும் அந்தச் சேவையைப் பெறுகிறவர்களிடம் கேட்க வேண்டும் என்றார். எண்ணக்கூடியதை மட்டுமே நம்பிய ஒரு துறையில், மனிதர்களின் அபிப்பிராயத்தையும் டேட்டாவாக எடுத்துக்கொள் என்றார். பேச்சு வராத பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? முகத்தைத் திருப்புவது, மேஜையை விட்டு எழுவது, கையைத் தள்ளுவது எல்லாம் பதில்தான். அதையும் அந்த மூன்று கட்ட நோட்டில் எழுதலாம்.

மேற்பார்வையாளரிடம் அவள் கேட்டாள். ஒரு வாரம் பேசினார்கள், பிள்ளையின் அம்மாவையும் கூப்பிட்டுப் பேசினார்கள். அந்த இலக்கை அடித்துவிட்டு, ‘வேண்டாம் என்பதைக் கையால் காட்டுதல்’ என்று எழுதியிருக்கிறார்கள். இப்போது அவன் மதிப்பெண் 2.

அடுத்த எபிசோடில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் கதை. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அருமனைத் தமிழா இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு மனசிலாவும்.